கடலுக்கடியில் ஒரு அளவு நாடா

முதலில் என் பையைத் திறந்து காட்டிவிடுகிறேன். "கடலுக்குள்ள போய் அப்படி என்னதான் பண்ணுத?" என்று கேட்கிற சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் நான் காட்டுவது இதைத்தான். மேலே கிடக்கும் முகக்கண்ணாடி, மூச்சுக்குழல், கால் துடுப்பு எல்லாம் சினிமாவில் பார்த்தவை. சங்கதி அவற்றுக்கு அடியில் இருக்கிறது. சுருளோடு ஒரு அளவு நாடா. வெள்ளை பிளாஸ்டிக் பலகை. அதில் நைலான் கயிற்றில் கட்டித் தொங்கும் சாதாரணப் பென்சில். பிவிசி குழாயை வெட்டி நாங்களே ஒட்டிய ஒரு மீட்டர் சதுரச் சட்டம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வண்ண அட்டை. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறை எப்படி இருக்கிறது என்று செய்தித்தாளில் நீங்கள் படிக்கிற ஒவ்வொரு எண்ணும் இந்த மாதிரி ஒரு பையிலிருந்துதான் வருகிறது!

பென்சில் தண்ணீருக்கு அடியில் எழுதும், தெரியுமா? முதல்முறை இதைக் கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. லேசாகச் சொரசொரப்பேற்றிய பிளாஸ்டிக்கில் கரி அப்படியே ஒட்டிக்கொள்கிறது. அலை எத்தனை அடித்தாலும் எழுத்து போகாது. கரைக்கு வந்து பாத்திரம் தேய்க்கும் பவுடரைப் போட்டுத் தேய்த்தால்தான் பலகை மறுபடி வெள்ளையாகும். சதுரச் சட்டத்தின் குழாய்களில் வரிசையாகத் துளை போட்டிருப்போம். தண்ணீர் உள்ளே ஏறினால்தான் அது மூழ்கும், இல்லாவிட்டால் கையைவிட்டு மிதந்து மேலே போய்விடும். இந்த நுணுக்கங்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. சீனியர் அக்காக்கள் கைமாற்றிக் கொடுத்தவை. அடுத்து வருகிறவர்களுக்கு நான் கொடுக்கப் போகிறவை.

இனி இடத்தைச் சொல்கிறேன். தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை, கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரையை ஒட்டி 21 தீவுகள் வரிசை கட்டி நிற்கின்றன. வான் தீவு, காசுவார், காரியசல்லி, உப்புத்தண்ணி, நல்லதண்ணி, ஆனைப்பார், அப்பா தீவு, முயல் தீவு, மனோலி, குருசடை... பெயர்களைச் சொல்லும்போதே எனக்குக் குதூகலம் வந்துவிடுகிறது. 1986இல் இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. தீவுகளைச் சுற்றியே பவளப்பாறைகள். பெரும்பாலும் ஆழமில்லாத பாறைகள். இரண்டு மூன்று ஆள் உயரத் தண்ணீருக்குள் கிளைப் பவளமும் தட்டுப் பவளமும் விரிந்து கிடக்கும். ஆஸ்திரேலியாவுக்கும் மாலத்தீவுக்கும் விமானம் ஏறிப் பார்க்கிற அதிசயம் நம் ஊர் உப்பளத்தைத் தாண்டி, படகில் கொஞ்ச நேரத் தூரத்தில் இருக்கிறது. 2007இல் வெளியான கணக்கெடுப்பு இந்த வளைகுடாவில் 117 வகைக் கல் பவளங்களைப் பட்டியலிட்டது. 117!

நான் பார்த்த முதல் பவளம் கடலில் இல்லை. தூத்துக்குடியில் எங்கள் ஆச்சி வீட்டுப் பின்சுவரில் இருந்தது. சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் ஒரு கல், அதன் முகம் முழுக்க வளைந்து நெளிந்து ஓடும் வரிகள். சின்ன வயதில் விரலால் அந்த வரிகளின் வழியே போய்ப் போய் விளையாடியிருக்கிறேன். கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஆய்வகக் கண்ணாடி அலமாரியில் அதே வரிகள், கீழே "மூளைப் பவளம்" என்று சீட்டு. அன்று சாயங்காலம் நேராக ஆச்சி வீட்டுக்கு ஓடினேன்.

"ஆச்சி, இந்தக் கல்லு எங்கேருந்து வந்துச்சு?"

"கடக்கல்லு தாயி. அந்தக் காலத்துல வள்ளத்துல கொண்டாந்து கரையில இறக்குவாவ. செங்கலவிட மலிவு. கோட்டைச் சுவரு மாதிரி நிக்கும்லா?"

நின்றது உண்மைதான். தீவுகள்தான் நிற்கவில்லை. வீடு கட்டவும் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் பல பத்தாண்டுகள் இந்தப் பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அலையின் வேகத்தைத் தணித்துத் தீவைக் காப்பாற்றி வந்தவை அந்தப் பாறைகள். அவை போனதும் மணல் கரையத் தொடங்கியது. தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. வரைபடத்தில் 21 என்று போட்டிருந்தாலும் கால் வைக்க 19தான் மிச்சம். 2001இல் கல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. 2004 டிசம்பர் சுனாமி வந்து போன பிறகு, பாறையும் தீவும் கரைக்கு எவ்வளவு முக்கியம் என்பது கடலோர ஊர்களுக்கும் உறைத்தது. 2005 வாக்கில் வெட்டுவது நின்றது.

ஆச்சி வீட்டுச் சுவரால் நான் கடல் உயிரியல் படிக்கப் போனேன் என்று சொன்னால் மிகையில்லை. பி.எஸ்சி. முடித்ததும் பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. 1961இல் தொடங்கிய நிலையம். பேராசிரியர் ஆர்.வி. சேஷையா கட்டி எழுப்பியது. இந்தியக் கடல்களில் எங்கே போய் விசாரித்தாலும் அங்கே பரங்கிப்பேட்டையில் படித்த ஒருவர் இருப்பார். விடியும் முன்னே ஆற்றில் படகை விட்டு, நுண்வலையை இழுத்து, ஒரு சொட்டு நீரை நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தால், அடடா! கண்ணாடி உடம்போடு துள்ளும் இறால் குஞ்சு, முள்முள்ளாக ஒரு நண்டுக் குஞ்சு, இன்னும் பெயர் தெரியாத ஏதேதோ. அப்பா அம்மாவிடம் தொலைபேசியில் விவரிக்க வார்த்தையில்லாமல் "சூப்பரா இருக்கு, சூப்பரா இருக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பவளத்தை அடையாளம் காணப் பழகுவது தனி உலகம். பவளம் என்பது ஒரு விலங்குக் கூட்டம். ஒவ்வொரு சின்னப் பாலிப்பும் தனக்கென்று ஒரு சுண்ணாம்புக் கிண்ணம் கட்டிக்கொள்கிறது. அந்தக் கிண்ணங்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் துப்பு. அடுத்தடுத்த கிண்ணங்கள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டால் ஃபேவைட்டீஸ். ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவர் இருந்து நடுவில் சந்து விட்டிருந்தால் டிப்சாஸ்ட்ரேயா. கிண்ணங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பள்ளத்தாக்காக நீண்டு ஓடினால் ஆச்சி வீட்டுச் சுவர்! கிளையின் நுனியில் எல்லாவற்றையும்விடப் பெரிய ஒரே ஒரு கிண்ணம் நின்றால் அது அக்ரோபோரா, சந்தேகமே வேண்டாம். பெயர்களும் சும்மா இருப்பதில்லை. டிப்சாஸ்ட்ரேயா என்று நான் படித்ததை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஃபேவியா என்று படித்திருக்கிறார்கள். மரபணுவைப் பார்த்த பிறகு, அட்லாண்டிக்கில் இருக்கிற ஃபேவியாவும் நம் பக்கத்து ஃபேவியாவும் நெருங்கிய சொந்தமே இல்லை என்று தெரிந்தது. 2012இல் நம் பக்கத்துக் கூட்டத்துக்குப் பெயரை மாற்றினார்கள். பழைய கட்டுரையும் புதிய கட்டுரையும் ஒரே உயிரைப் பற்றித்தான் பேசுகின்றன என்று கண்டுபிடிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர முடியாது. உலகத்தின் பவளப்பாறை ஆய்வாளர்கள் எல்லாரும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் பன்னாட்டுக் கருத்தரங்கு இருக்கிறது. 2022இல் ஜெர்மனியில் பிரெமன் நகரில் கூடினார்கள். அந்த வரிசையின் முதல் கூட்டம் எங்கே நடந்தது தெரியுமா? மண்டபம் கேம்பில்! 1969 ஜனவரி, இந்தியக் கடல் உயிரியல் சங்கம் நடத்தியது. இரண்டாவது 1973இல், ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறைத் தொடரில் ஒரு கப்பலில் நடந்தது. ஆக முதலில் நாம், பிறகுதான் அவர்கள். மண்டபத்து மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து நம் பவளங்களை ஒவ்வொன்றாக விவரித்து எழுதிய சி.எஸ்.கோபிநாத பிள்ளையின் கட்டுரைகளை இன்றைக்கும் நாங்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வகை சொல்கிறோம். ராமேஸ்வரம் ரயிலில் மண்டபம் கேம்ப் வரும்போது நான் எழுந்து நின்று எட்டிப் பார்ப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுவேன்.

சரி, பெயர் தெரிந்தால் போதுமா? தண்ணீருக்குள் இருக்கக் கற்க வேண்டும். முதுகில் கட்டும் உருளையில் இருப்பது ஆக்சிஜன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது நாம் இப்போது சுவாசிக்கிற இதே காற்று, சுமார் 200 பார் அழுத்தத்தில் நெருக்கி அடைத்தது. பயிற்சியின் முதல் கட்டளை: மூச்சை அடக்காதே. மேலே ஏறும்போது சுற்றியுள்ள அழுத்தம் குறையக் குறைய நுரையீரலில் உள்ள காற்று விரியும். அடக்கி வைத்தால் நுரையீரலே கிழிந்துவிடலாம். அதனால் விட்டுக்கொண்டே இரு, இழுத்துக்கொண்டே இரு. பிறகு முகக்கண்ணாடிக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றப் பழக வேண்டும்.

ஆனால் பாறை ஆய்வுக்கு வருகிறவருக்கு உண்மையான தேர்வு மிதப்பு. மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் அந்தரத்தில் நிற்பது. அதற்குக் கை கால் ஒன்றும் வேண்டாம், மூச்சு மட்டும் போதும்! ஆழமாக இழுத்தால் உடம்பு அங்குலம் அங்குலமாக உயரும், விட்டால் இறங்கும். கால் துடுப்பு ஒரு தடவை தவறி அடித்தால் எத்தனையோ ஆண்டு வளர்ந்த கிளை ஒடிந்துவிடும் என்பதால், இது கைவராத யாரையும் எங்கள் குழுவில் பாறைப் பக்கம் விடுவதில்லை. கடலோரத்தில் பிறந்தும் நீச்சல் தெரியாத பெண்கள் எங்கள் ஊரில் ஏராளம். நானும் அப்படித்தான் வந்தேன். முதல் நாள் அந்தரத்தில் நின்றபோது, கீழே ஒரு மீன் தன் போக்கில் போவதைப் பார்த்துக்கொண்டே, முகக்கண்ணாடிக்குள் சிரித்துச் சிரித்துத் தண்ணீர் புகுந்துவிட்டது.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். தீவுகள் தேசியப் பூங்கா என்பதால் வனத்துறை எழுத்தில் அனுமதிக்காமல் போக முடியாது. செத்த பவளத் துண்டைக்கூட எடுத்து வர முடியாது. மாதிரி வேண்டுமென்றால் அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்பு. இந்தக் கெடுபிடி எனக்குப் பிடித்திருக்கிறது. வெட்டி விற்ற காலத்தை நினைத்துப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும்.

கடலுக்குப் போகிற நாள் வெளிச்சம் வருமுன்னே தூத்துக்குடியின் திரேஸ்புரம் கரையில் தொடங்குகிறது. மீன் ஏலம் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருக்கும். நாங்கள் ஃபைபர் படகில் உருளைகளை அடுக்கி, இட்லிப் பொட்டலத்தை நனையாத இடமாகப் பார்த்து வைப்போம். படகு அண்ணாச்சி கரையில் நின்றபடியே தண்ணீரைப் படித்துவிடுவார்.

"ஏம்மா, நேத்து ராத்திரி கச்சான் அடிச்சிருக்கு. வெளித்தண்ணி கலங்கிக் கெடக்கும். மேக்க வேண்டாம், தீவுக்குக் கெழக்க ஒதுங்கிப் பாப்போமா?"

"சரிங்க அண்ணாச்சி. நீவாடு எப்படி இருக்கும்?"

"லேசாத்தான் இழுக்கும். நாடாவ நீவாட்டோட விடு, எதுக்க விடாத."

நீவாடு என்பது நீரோட்டம். அண்ணாச்சியின் இந்த ஒரு வாக்கியத்துக்கு எத்தனை பாடநூல் ஈடாகும்? அவருடைய சித்தப்பா கல் வெட்டப் போனவர். எந்தப் பாறையில் எந்தக் காலத்தில் எவ்வளவு உயரத்துக்குக் கல் நின்றது என்பதெல்லாம் அவருக்குக் கேள்வி ஞானம். நான் அவற்றைத் தேதியோடு குறித்து வைத்துக்கொள்கிறேன். செயற்கைக்கோள் படம் எடுக்கத் தொடங்குவதற்கு முந்தைய காலத்தைச் சொல்ல இவர்களைவிட்டால் ஆளில்லை.

இறங்கியாயிற்று. இருவர் இருவராகத்தான் இறங்குவோம். ஒருவர் நாடாவின் நுனியைப் பிடிப்பார், இன்னொருவர் தீவுக்கு இணையாக 20 மீட்டர் விரித்துக்கொண்டே போவார். பிறகு பூஜ்யத்திலிருந்து தொடங்கி, நாடாவுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது, அது எந்த சென்டிமீட்டரில் மாறுகிறது என்று எழுதிக்கொண்டே நகர வேண்டும். முழுப் பெயர் எழுத நேரமில்லை. எல்லாவற்றுக்கும் குறியெழுத்து உண்டு: கிளை அக்ரோபோராவுக்கு ஏசிபி, தட்டு அக்ரோபோராவுக்கு ஏசிடி, உருண்டைப் பவளத்துக்கு சிஎம், பாசி படர்ந்த செத்த பவளத்துக்கு டிசிஏ, உடைசலுக்கு ஆர், மணலுக்கு எஸ். "37 டிசிஏ, 62 ஏசிபி, 70 எஸ், 118 சிஎம்" என்று பலகையில் ஒரு பாஷை ஓடும். அலை இழுக்கும்போது முன்னும் பின்னும் ஆடியபடி எழுத வேண்டும். மேலே வந்து உயிருள்ள பவளத்தின் நீளங்களை மட்டும் கூட்டி, மொத்த நீளத்தால் வகுத்தால் உயிர்ப் பரப்பு கிடைத்துவிடும். அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அதே இடத்தில், அதே திசையில், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் விரித்தால்தான் அந்த எண் பேசத் தொடங்கும்.

எப்படிப் பேசும் என்பதற்கு ஒரு உதாரணம். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆண்டுக்கணக்காக இந்தத் தீவுகளைச் சுற்றி நாடா விரித்து வருகிறார்கள். கல் வெட்டு நின்ற 2005இல் உயிர்ப் பரப்பு சுமார் 37 சதவீதம். அடுத்த நான்கு ஆண்டுகளில் ஏறியது, 2010 வெப்பத்தில் இறங்கியது, மறுபடி ஏறத் தொடங்கியது. பிறகு வந்தது 2016 கோடை. அதற்கு முன் 38.9 சதவீதம், அதற்குப் பின் 22.7. இந்த இரண்டு எண்களைக் கட்டுரையில் படித்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சதவீதம்தானே! ஒருநாள் தண்ணீருக்குள் நாடாவை விரித்துவிட்டு மனதில் கணக்குப் போட்டேன். 20 மீட்டரில் 7 மீட்டர் 78 சென்டிமீட்டர் உயிரோடு இருந்தது 4 மீட்டர் 54 ஆகியிருக்கிறது. மூன்று மீட்டருக்கு மேல் காணோம். என் இரண்டு கைகளையும் அகல விரித்துப் பார்த்தேன், இரண்டு முறை விரித்தாலும் அந்த இழப்பை மூட முடியவில்லை. அன்றிலிருந்து சதவீதம் என்ற சொல்லை நான் மீட்டராகத்தான் வாசிக்கிறேன்.

என்ன நடந்தது அந்தக் கோடையில்? பவளத்தின் சதைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலை வாங்கிச் சமைத்து, பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் 90 சதவீதம் வரை அவையே தருகின்றன. நிறமும் அவை தந்ததே. அந்த இடத்தின் வழக்கமான உச்சக் கோடை வெப்பத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால் போதும், பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடும். சதை ஒளி ஊடுருவும் தன்மை உடையது, ஆகவே உள்ளிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும். இதைத்தான் வெளிறுதல் என்கிறோம். வெளிறிய பவளம் செத்த பவளம் இல்லை! இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயார். தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசிகள் மறுபடி பெருகும், நிறம் திரும்பும். பொறுமையாக வளரும் உருண்டைப் போரைட்டீஸ் பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடும். வேகமாக வளரும் அக்ரோபோராவும் மாண்டிபோராவும்தான் முதலில் போகின்றன.

பையில் இருக்கிற வண்ண அட்டை இதற்காகத்தான். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002இல் உருவானது. நான்கு சாயல், ஒவ்வொன்றிலும் 1 முதல் 6 வரை படிப்படியாக அடர்த்தி. பவளத்தின் பக்கத்தில் பிடித்து, மிக வெளுத்த இடத்துக்கு ஒரு எண், மிக அடர்ந்த இடத்துக்கு ஒரு எண். நீருக்குள் சிவப்பு மங்கிவிடும், கண்ணை நம்ப முடியாது. அட்டையும் அதே நீருக்குள் அதே அளவு மங்குவதால் ஒப்பீடு சரியாக வரும். எவ்வளவு எளிய யோசனை! கிளை நுனியில் மட்டும் அளக்கக் கூடாது, வளரும் நுனி இயல்பாகவே வெளுப்பு. ஏப்ரல் பிறந்துவிட்டால் காலையில் கண் விழித்ததும் நாங்கள் பார்ப்பது அமெரிக்காவின் நோவா அமைப்பு வெளியிடும் கடல் வெப்ப வரைபடத்தைத்தான். கூடுதல் வெப்பம் எத்தனை டிகிரி, எத்தனை வாரம் என்று பெருக்கிக் கணக்கிடுவார்கள். 4 தாண்டினால் வெளிறும், 8 தாண்டினால் சாவு தொடங்கும். உலகளாவிய நான்காவது வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அவர்கள் அறிவித்த வாரம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரும் அதிகம் பேசவில்லை. பலகைகளைத் தேய்த்து வைத்தோம், உருளைகளில் காற்று நிரப்பினோம்.

இப்போது மார்ச் மாதத்து இரவைச் சொல்லியே ஆக வேண்டும். இத்தனை நேரம் இதற்காகத்தான் அடக்கிக்கொண்டிருந்தேன்! தூத்துக்குடிக் கடலில் அக்ரோபோரா இனங்கள் மார்ச் மாதத்தில் முட்டை விடுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெப்ரவரியிலிருந்தே கண்காணிப்பு. அனுமதி பெற்று, விரல் நீளக் கிளை ஒன்றை ஒடித்து உள்ளே பார்ப்போம். முட்டை வெள்ளையாக இருந்தால் இன்னும் நாளிருக்கிறது. இளஞ்சிவப்பேறிவிட்டால் தயார். நிலவு, காற்று, நீரின் வெப்பம் எல்லாம் பார்த்து இரவுக்குப் படகு சொல்லிவிட்டுக் காத்திருப்போம். வெள்ளை வெளிச்சம் அவற்றைக் கலைக்கும் என்பதால் விளக்கில் சிவப்புத் தாள் ஒட்டியிருப்போம்.

பகலில் பார்த்த பாறை இரவில் வேறு. பாலிப்புகள் கைகளை நீட்டி உண்ணத் தொடங்கியிருக்கும், பாறையே ரோமம் முளைத்து நிற்கும். பார்த்துக்கொண்டே இருக்கையில், ஒரு கிண்ணத்தின் வாயில் இளஞ்சிவப்பாக ஒன்று முட்டிக்கொண்டு நின்றது. அடுத்த கிண்ணத்திலும். அதற்கடுத்ததிலும். கொத்து முழுக்க! யாரும் மணியடிக்காமல், ஒரே நேரத்தில் எல்லாம் கழன்று மேலே மிதக்கத் தொடங்கின. வேகவைத்த ஜவ்வரிசிக்கு ரோஜா நிறம் ஏற்றி விட்டாற்போல, என் முகத்தைச் சுற்றி, கைக்கு மேலே, சிவந்த வெளிச்சத்துக்குள் ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் முட்டைகளும் விந்தும் சேர்ந்தே இருக்கின்றன. மேல்மட்டத்துக்குப் போனதும் உடைந்து, வேறொரு கொத்தின் முட்டையோடு சேரும். சில நாளில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத குஞ்சு நீந்தி இறங்கி, பிடித்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அது நகரவே நகராது. மூச்சுக் கருவியைக் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் கத்தினால் எப்படி இருக்கும் என்று அன்று இரவு எங்கள் ஜோடி முழுக்கக் கற்றுக்கொண்டது.

ஆய்வுக்கூடம் இவ்வளவு கொண்டாட்டமான இடமில்லை, ஆனால் எனக்கு அதுவும் பிடிக்கும். சதுரச் சட்டத்தைப் பாறைமேல் வைத்து எடுத்த படங்களைக் கணினியில் ஏற்றினால், கோரல் பாயின்ட் கவுன்ட் என்ற மென்பொருள் படத்தின் மேல் கண்டபடி புள்ளிகளைத் தூவும். ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று நாம் சொல்ல வேண்டும். ஒருநாள் கடலுக்குப் போனால் பல நாள் புள்ளிகளோடு உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான், நீருக்குள் கண்ணில் படாத ஒரு சின்ன வட்டம் திரையில் மாட்டும். ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவான குட்டிப் பவளம். நாற்காலியைத் தள்ளிவிட்டு எல்லாரையும் கூப்பிடுவேன். செத்த பவளத்தின் மேல் புதிது வந்து உட்கார்ந்திருக்கிறது என்றால் அந்த இடம் தன்னைத்தானே எழுப்பிக்கொள்ளப் பார்க்கிறது என்று பொருள். பாறை நலத்துக்கு உயிர்ப் பரப்பைவிட நம்பகமான சான்று இந்தக் குட்டிகள் என்பது என் துணிபு.

வெப்பம் ஒன்றே எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். வணிகத்துக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து மண்டபம் பக்கம் வளர்த்த காப்பாஃபைக்கஸ் என்ற பாசி, குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்து மூடுவதை 2008இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கையால்தான் பிடுங்க வேண்டும். துண்டு ஒன்று விட்டுப்போனாலும் மறுபடி முளைக்கும். இதையும் தலைமுறை தலைமுறையாக இயற்கைப் பாசி எடுத்துவரும் பாம்பன் பக்கத்துப் பெண்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, ஒரு மூச்சில் இறங்கி மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பறிக்கிற அவர்கள், எந்த மாதம் எடுக்கக் கூடாது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி அவர்களுக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது இந்த உழைப்புக்காகத்தான். உருளையும் கருவியும் இல்லாமல் அவர்கள் இறங்குகிற ஆழத்தைப் பார்த்தால் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

ஒடிந்த நல்ல கிளைகளைச் சிமெண்ட் சட்டங்களில் கட்டி நட்டு வளர்க்கும் வேலை 2002 முதல் தூத்துக்குடிக் கடலில் நடக்கிறது. கரைந்துகொண்டிருந்த வான் தீவுக்கு முன்னால் 2015 முதல் செயற்கைப் பாறைகளை இறக்கி அலையைத் தணித்தார்கள், தீவும் நின்றது. கிளைப் பவளம் நன்றாக இருந்தால் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளரும், உருண்டைப் பவளம் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். நட்டது பிழைத்ததா, தீவுக்கு முன் மீன் திரும்பியதா என்று பார்க்கவும் நாடாவும் பென்சிலும்தான் வேண்டும்.

ஆகவே விலங்கியலோ தாவரவியலோ மீன்வளமோ படித்துக்கொண்டு, அடுத்தது என்ன என்று யோசிக்கிற தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். பரங்கிப்பேட்டை இருக்கிறது, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி இருக்கிறது, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ராஜாக்கமங்கலம் மையம் இருக்கிறது, சுகந்தி தேவதாசன் நிறுவனம் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது. முதுகலையில் இருக்கும்போதே நெட் தேர்வுக்குப் படித்துவிடுங்கள், உதவித்தொகை இருந்தால் ஆராய்ச்சி நிம்மதியாக ஓடும். நீச்சல் தெரியாதென்று தயங்க வேண்டாம், சொல்லித்தருவார்கள். பெற்றோர் தயங்கினால் ஒருநாள் அவர்களையும் கரைக்குக் கூட்டி வாருங்கள், அண்ணாச்சிமார் பேசிப் புரியவைத்துவிடுவார்கள். 117 வகையையும் தண்ணீருக்குள் பார்த்ததும் பெயர் சொல்லக்கூடியவர்கள் நம்மிடம் மிகக் குறைவு. பாறை நிறைய, ஆள் கொஞ்சம். அடுத்த ஏப்ரலுக்குள் வந்து சேருங்கள்.